மூன்று ஊர்க் கணக்கு, இரண்டு மானிட்டர்

கீழக்கரையில் உட்கார்ந்தபடி சென்னை மண்ணடிக் கடையின் பில்லையும், துபாய் தேராவில் இருக்கும் கடையின் கணக்கையும், கொழும்புக் கிடங்கின் இருப்பையும் ஒரே ஆள் பார்ப்பது இன்று சாதாரணம். மேசையில் இரண்டு மானிட்டர், அவற்றில் மூன்று ரிமோட் டெஸ்க்டாப் விண்டோக்கள், அதாவது அந்தந்த ஊர்க் கம்ப்யூட்டரின் திரையை இங்கிருந்தே பார்த்து இயக்கும் விண்டோக்கள். சென்னைக்கும் கொழும்புக்கும் கடிகாரம் ஒத்துப்போகும். துபாய் விண்டோ மட்டும் ஒன்றரை மணி நேரம் பின்னால் நிற்கும். காலையில் திறந்ததும் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும், இழுத்து இழுத்து ஒழுங்குபடுத்தவே கால்மணி நேரம் போய்விடும். விண்டோக்கள் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்தால் இந்த இழுபறி தேவையில்லை.

எங்கோ இருக்கும் திரையை வீடியோ பிடித்து அனுப்புகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முழுத் திரையையும் சுருக்காமல் அப்படியே அனுப்பினால் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டால் தெரியும். 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் 20 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வைத்தால் ஒரு திரைக்கே 8 மெகாபைட்டைத் தாண்டும். நொடிக்கு 30 திரை என்றால் ஏறக்குறைய 2 ஜிகாபிட். மூன்று விண்டோவுக்குச் சாதாரண வீட்டு இணைப்பு தாங்காது. அதனால், 1998-இல் விண்டோஸ் என்டி 4-இன் டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்த ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப் புரோட்டோகால்) என்ற நெறிமுறை வேறு வழியில் போகிறது. திரையில் மாறிய பகுதி மட்டும் சுருக்கப்பட்டு வரும். ஏற்கெனவே வந்த துண்டுகளை நம் கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருந்து, கேட்கும்போது மறுபடி எடுத்துப் போடும். மவுஸ் அம்புக்குறியைக்கூட நம் கம்ப்யூட்டர்தான் வரைகிறது. இணைப்பு மந்தமாக இருக்கும்போது கவனியுங்கள்: அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடும், கிளிக் செய்த மெனு மட்டும் ஆற அமரத் திறக்கும். ஓடுவது இங்கே, மெனு வருவது அங்கிருந்து.

அடுக்கும் விஷயத்துக்கு இதுதான் அடிப்படை. விண்டோ எந்த மானிட்டரில், எந்த மூலையில் நிற்கிறது என்பது முழுக்க நம் வீட்டு விவகாரம். துபாய் கம்ப்யூட்டருக்கு அது தெரியவே தெரியாது. அதற்குத் தெரிய வேண்டியது அகலமும் உயரமும் மட்டும்தான். இடத்தை நாமே முடிவு செய்யலாம், அளவை மட்டும் அங்கே சொல்லியாக வேண்டும்.

இடத்தை எப்படி முடிவு செய்வது? இணைப்பைச் சேமித்தால் கிடைக்கும் ஆர்டிபி கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறக்கலாம். அதில் ‘வின்போஸ்ஸ்டிஆர்’ (winposstr) என்று தொடங்கும் வரியின் முடிவில் ஆறு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் 1 என்றால் சாதாரண விண்டோ, 3 என்றால் முழுதாக விரிந்தது. கடைசி நான்கும் இடது, மேல், வலது, கீழ் விளிம்புகள். முதன்மை மானிட்டரின் மேல் இடது மூலைதான் பூஜ்யம். அதற்கு இடப்பக்கம் இன்னொரு மானிட்டர் இருந்தால் அதன் எண்கள் மைனஸில் போகும். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அந்த மைனஸை அழித்துவிடுவார்கள்! -1910, 30, -290, 980 என்று இருந்தால், அந்த விண்டோ இடப்பக்க மானிட்டரில் 1620 அகலம், 950 உயரத்தில் திறக்கும். உள்ளே 1600-க்கு 900 அளவுள்ள திரை வசதியாக உட்காரும். மீதி தலைப்புப் பட்டைக்கும் ஓரங்களுக்கும். இந்த ஓரத்தை மறந்து முழு 1920-க்கு 1080-ஐ விண்டோவுக்குள் திணித்தால் உருட்டுப் பட்டைகள் முளைத்துவிடும்.

மூன்று ஊருக்கும் மூன்று கோப்பு, மூன்றிலும் வேறு வேறு எண்கள். அவ்வளவுதான்.

அளவில்தான் சிக்கல் அதிகம். ‘ஸ்மார்ட் சைஸிங்’ போட்டால் விண்டோவை எவ்வளவு சுருக்கினாலும் முழுத் திரையும் தெரியும். ஆனால் சுருங்குவது வந்த படம்தான். எதிர்முனை பழைய அளவிலேயே வரைந்துகொண்டிருக்கும். கணக்குப் பக்கத்தில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் போவது இதனால்தான். எண்களோடு வேலை செய்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. இணைக்கும்போதே திரையின் அளவைச் சிறிதாகக் கேட்டு வாங்குங்கள், எழுத்து கூர்மையாக இருக்கும்.

‘எல்லா மானிட்டரையும் பயன்படுத்து’ என்ற வசதி வேறு ரகம். 2009-இல் விண்டோஸ் 7-ஓடு வந்த இந்த முறையில், நம்மிடம் எத்தனை மானிட்டர், எது எந்தப் பக்கம் என்ற விவரம் எதிர்முனைக்கே போகும். அங்கே விண்டோவை விரித்தால் ஒரு மானிட்டரை மட்டும் நிரப்பும். ஒரே கம்ப்யூட்டரில் நாள் முழுக்க வேலை என்றால் அருமை. மூன்று ஊரைப் பார்ப்பவர்களுக்கு ஆகாது, ஒரு ஊரே இரண்டு மானிட்டரையும் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரில் நாம் உள்ளே நுழைந்தால் அங்கிருப்பவருக்குத் திரை பூட்டிக்கொள்ளும். “காக்கா (அண்ணன்), ஸ்க்ரீன் லாக் ஆயிருச்சு, கஸ்டமர் நிக்கிறாங்க” என்று பில் போடும் தம்பியிடமிருந்து போன் வந்தால் காரணம் நீங்கள்தான். கணக்குக்குத் தனிக் கம்ப்யூட்டரோ சர்வரோ வையுங்கள். அதை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள், விபிஎன் என்ற பூட்டிய தனிவழி இணைப்பு மூலமாகப் போங்கள்.

கடற்கரை ஊர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. எச்டிஎம்ஐ கேபிளில் 19 ஊசிகள். மானிட்டர் இணைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது 19-ஆவது. உப்புக் காற்றில் முனை அரித்துத் தொடர்பு விட்டுவிட்டு வந்தால், கண நேரம் மானிட்டர் கழன்றுவிட்டதாக விண்டோஸ் எடுத்துக்கொண்டு எல்லா விண்டோவையும் மிச்சமிருக்கும் மானிட்டரில் கொட்டிவிடும். விண்டோஸ் 11-இல், மானிட்டர் திரும்பியதும் விண்டோக்களைப் பழைய இடத்துக்கே அனுப்பும் அமைப்பு இருக்கிறது. இல்லாதவர்கள் விண்டோவைத் தேர்ந்தெடுத்து விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளோடு அம்பு விசையை அழுத்தினால் பக்கத்து மானிட்டருக்குத் தாவும். முழுத்திரையில் இருக்கும்போது மட்டும் அந்த அழுத்தம் துபாய்க்குப் போய்விடும், இங்கே எதுவும் அசையாது.

ஃபைபர் அறுந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்ட வேண்டி வந்தால், பார்க்காத விண்டோவை மினிமைஸ் செய்யுங்கள். ‘இப்போதைக்குப் படம் வேண்டாம்’ என்று நம் கம்ப்யூட்டர் தகவல் அனுப்பும், எதிர்முனை திரையை அனுப்புவதை நிறுத்தும், டேட்டா மிச்சம். ஒரு விதிவிலக்கு: அங்கே திரையைப் பார்த்துத் தானாகக் கிளிக் செய்யும் நிரல் ஏதாவது ஓடினால், படம் நின்றதும் அதுவும் தடுமாறி நின்றுவிடக்கூடும். அந்த விண்டோவை மட்டும் மினிமைஸ் செய்யாமல் இன்னொரு விண்டோவுக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள், போதும்.