அமெரிக்க அரசுக் குடியிருப்புகள் வவுச்சருக்கு மாறினால், குடியிருப்பவருக்கு என்ன ஆகும்?

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்காக அரசு கட்டிய அடுக்குமாடிகள் பலவற்றில் கூரை ஒழுகுகிறது, குளிர்காலத்தில் ஹீட்டர் நின்றுபோகிறது, சுவரில் பூஞ்சை பிடிக்கிறது. தேங்கிக் கிடந்த பழுதுவேலைகளுக்கு மட்டும் சுமார் 2,600 கோடி டாலர் வேண்டும் என்று 2010-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் பணம் அதற்கு எட்டவில்லை. அரசின் கட்டுப்பாடுகளால் அந்தக் கட்டடங்களை அடமானம் வைத்துக் கடன் வாங்குவதும் கடினம்.

இதற்கு வழியாக வந்ததுதான் 'ராட்' (Rental Assistance Demonstration) திட்டம். அரசுக் குடியிருப்புகளை வவுச்சர் முறைக்கு மாற்றுவது இதுதான். 2011 நவம்பரில் சட்டமானது. முதலில் 60,000 வீடுகளுக்குத்தான் அனுமதி. 2018-இல் உச்சவரம்பு 4,55,000 ஆனது.

பழைய முறையில், இந்தக் குடியிருப்புகளை நடத்தும் உள்ளூர் வீட்டுவசதி ஆணையத்துக்கு மானியம் ஆண்டுக்கு ஆண்டு கூடும், குறையும். புதிய முறையில் அந்தக் கட்டடத்துக்கு, வாடகையில் ஒரு பங்கை மத்திய அரசு கட்டும் 'செக்‌ஷன் 8' ஒப்பந்தம் போடப்படுகிறது. பெரும்பாலும் 20 ஆண்டுகளுக்கு. இவ்வளவு வாடகை வரும் என்று எழுத்தில் இருப்பதால் வங்கி கடன் தருகிறது, முதலீட்டாளர்களும் வருகிறார்கள். அந்தப் பணத்தில் பழுதுபார்ப்பு நடக்கிறது.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம். வவுச்சர், அதாவது அரசின் வாடகை உதவிச் சீட்டு, என்றதும் அதைக் கையில் கொடுத்து வேறு வீடு தேடச் சொல்வார்கள் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. இந்த உதவி கட்டடத்தோடு ஒட்டியது, நீங்கள் அதே வீட்டில்தான் இருப்பீர்கள். வேறு இடம் போக விரும்பினால், ஒரு வகை ஒப்பந்தத்தில் ஓராண்டுக்குப் பிறகும், இன்னொன்றில் ஈராண்டுக்குப் பிறகும், கையோடு கொண்டுபோகும் வவுச்சர் கேட்கலாம். அதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சரி, வாடகை? கணக்கில் எடுக்கும் வருமானத்தில் சுமார் 30 சதவீதம், முன்பு போலவே. ஆனால் வருமானம் எவ்வளவானாலும் நிலையான வாடகை கட்டிவந்த குடும்பங்களுக்கு ஏறும். அந்த ஏற்றம் 10 சதவீதத்தையோ 25 டாலரையோ, இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், ஒரேயடியாகக் கேட்கக் கூடாது; 3 ஆண்டுகளில், சில இடங்களில் 5 ஆண்டுகளில், படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

மாற்றத்தைக் காரணம் காட்டி யாரையும் புதிதாகத் தகுதி பார்த்துக் கழித்துவிட முடியாது. பழுதுவேலைக்காகத் தற்காலிகமாக வெளியேற்றினால் திரும்பி வரும் உரிமை உண்டு. குடியிருப்போர் சங்கம் அமைக்கலாம். அதற்கென வீட்டுக்கு ஆண்டுக்கு 25 டாலரைக் கட்டட உரிமையாளர் ஒதுக்க வேண்டும்.

நியூயார்க்கில் இதற்கு 'பேக்ட்' என்று பெயர். 2012 சாண்டி புயலில் அடிபட்ட, குவீன்ஸ் பகுதியின் ஓஷன் பே குடியிருப்பில், ஏறத்தாழ 1,400 வீடுகள், 2016-இல் முதலில் மாறின. நிலம் ஆணையத்திடமே இருக்கிறது. நிர்வாகம்தான் தனியாரிடம் போகிறது. என் கவலையும் அங்கேதான். சில 'பேக்ட்' குடியிருப்புகளில் வெளியேற்றங்கள் கூடியதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2022-இல் சுட்டிக்காட்டியது. குடியிருப்போர் பாதுகாப்பை இன்னும் கவனமாகக் கண்காணிக்க வேண்டும் என்று மத்திய அரசின் தணிக்கை அமைப்பும் 2018-இல் சொல்லியிருந்தது. கட்டடம் புதுசாவது மிகவும் தேவையான ஒன்று. ஆனால் வாடகை பாக்கி என்றதும் நோட்டீஸ் அனுப்பும் நிர்வாகம் வந்தால், சட்டம் தந்த பாதுகாப்பு ஏட்டோடு நின்றுவிடும்.

அதனால் புதிய வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் மூன்றைப் பாருங்கள்: வாடகைக் கணக்கு, புகார் விசாரணைக்கான வழி, திரும்பி வரும் உரிமை. பழுதுவேலைக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னால், திரும்பி வரும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.