புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது

புரொஜெக்டரைப் போடுவதற்கு முன் திரையைப் பாருங்கள். வெள்ளையாக இருக்கும். இனி அதைப் போட்டு, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துள்ள ஒரு ஸ்லைடைக் காட்டுங்கள். எழுத்துகள் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? லென்ஸிலிருந்து வெளிச்சம் மட்டும்தான் வர முடியும். கறுப்பு வெளிச்சம் என்று ஒன்று கிடையாது. எழுத்து இருக்கிற இடத்துக்குப் புரொஜெக்டர் அநேகமாக எதையும் அனுப்பவில்லை, அவ்வளவுதான். சற்று முன் வெள்ளை என்று நாம் சொன்ன அதே துணிதான் அங்கே அப்படியே இருக்கிறது. சுற்றிவர அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் விழுவதால் கண் அதைக் கறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது.

மாக்கோலம் போடுகிறவர் மாவை மட்டும்தான் போடுகிறார், தரையின் நிறத்தைப் போடுவதில்லை. முற்றத்தில் ஏற்கெனவே மாவு சிந்திக் கிடந்தால் எவ்வளவு நேர்த்தியாக இழுத்தாலும் கோலம் எடுபடாது. புரொஜெக்டருக்கு அந்தச் சிந்திய மாவு, அறையில் எரிகிற லைட்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மெஷின் வெளியே விடும் மொத்த ஒளியை லுமனில் அளப்பார்கள். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு லுமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். 3,000 லுமன் புரொஜெக்டர் ஒன்று; திரை 2 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் உயரம், அதாவது 3 சதுர மீற்றர். வெள்ளை இடத்தில் 1,000 லக்ஸ் விழும். கூரையில் எரியும் டியூப் லைட்டுகளால் திரையில் இன்னொரு 200 லக்ஸ் விழுகிறது என்று வையுங்கள். வெள்ளை இப்போது 1,200, கறுப்பு 200. வித்தியாசம் வெறும் ஆறு மடங்கு. பெட்டியின் மேல் 10,000:1 என்று அச்சடித்திருப்பார்கள். அது இருட்டறையில் அளந்தது. நம் அறையில் கிடைப்பது 6:1.

சரி, காசைக் கொட்டி இரண்டு மடங்கு வெளிச்சமுள்ள, 6,000 லுமன் மெஷின் வாங்குவோம். வெள்ளை 2,200, கறுப்பு அதே 200. பதினொரு மடங்கு. இதற்குப் பதிலாகப் பழைய மெஷினையே வைத்துக்கொண்டு, திரைக்குக் கிட்ட இருக்கிற லைட்டுகளை மட்டும் அணைத்து 200 லக்ஸை 20 ஆக்கினால்? 1,020க்கு 20. ஐம்பத்தொரு மடங்கு! லட்சக் கணக்கில் செலவழித்தும் வராத தெளிவு ஒரு சுவிட்சில் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கும் ஆசையும் இதே கணக்கில் அடிபடும். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்கு. அதே 3,000 லுமன் 12 சதுர மீற்றரில் பரவி 250 லக்ஸ் ஆகிவிடும். லைட் எரிகிற மண்டபத்தில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் இரண்டேகால் மடங்குதான். கறுப்பு என்று நீங்கள் போட்டதெல்லாம் சாம்பல்.

கொழும்பில் இதற்கு இரண்டு தனித் தொல்லைகள் உண்டு. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மண்டபங்களுக்கு மேற்குப் பக்கம் ஜன்னல் இருக்கும். காற்றுக்கு நல்லது. பின்னேரம் நாலு மணிக் கூட்டத்துக்கு ஆகவே ஆகாது. சாய்ந்த வெயில் நேரே உள்ளே வரும், மெல்லிய திரைச்சீலை அதைத் தடுக்காது. அந்த வெயில் விழும் சுவரில் திரையைத் தொங்கவிட்டால் எந்த மெஷினும் உதவாது. பக்கச் சுவருக்கு மாற்றுங்கள், கதிரைகளைத் திருப்பிப் போடுவது பத்து நிமிட வேலை. மற்றது வயரிங். பல மண்டபங்களில் ஒரு சுவிட்ச் போட்டால் முன்னிருந்து பின் வரை ஒரு முழு வரிசை லைட்டும் எரியும். மேடைப் பக்கத்தை மட்டும் அணைக்க வழியே இராது. பழைய டியூப் லைட் என்றால், அதை அணைத்துவிட்டு, மண்டபம் பார்க்கிற ஐயா ஸ்டூலில் ஏறி முன் வரிசை ஸ்டார்ட்டர்களை மட்டும் திருகிக் கழற்றி சேட் பொக்கட்டில் போட்டுக்கொள்வார். மறுபடி சுவிட்ச் போட்டால் ஸ்டார்ட்டர் இல்லாத டியூப் எரியாது, பின்னுக்கு இருப்பது எரியும். விலை உயர்ந்த திரை எதுவும் இவ்வளவு மலிவாக இவ்வளவு வேலை செய்ததில்லை.

லுமனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் உள்ளங்கை அகலப் புரொஜெக்டர்களை 9,000 லுமன் என்று விற்கிறார்கள். நம்பத்தக்க அளவு ஆன்சி லுமன்: படத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளந்து, சராசரியைப் படத்தின் பரப்பால் பெருக்குவது. ஆன்சி என்றோ ஐ.எஸ்.ஓ. என்றோ எந்தத் தர அளவையும் குறிப்பிடாத எண்ணை நம்ப முடியாது. இருட்டறையில் படம் பார்க்க அந்தச் சின்ன மெஷின் போதும். லைட் எரிகிற வகுப்பறைக்குப் போதாது.

இனி மெஷினுக்குள்ளே போவோம். அலுவலகங்களில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. முதல் வகைக்குள் ஒரு சில்லு (சிப்), அதன் மேல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் முகம் பார்க்கிற மாதிரிக் கண்ணாடி ஒன்று. 1024க்கு 768 என்ற படம் என்றால் 786,432 கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவு. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறத்தாழ 12 பாகை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். ஒரு பக்கம் சாய்ந்தால் விளக்கின் ஒளி லென்ஸ் வழியாக வெளியே போகும். மறுபக்கம் சாய்ந்தால் உள்ளேயே ஓர் ஒளி உறிஞ்சியில் போய் விழும். நடுநிலை கிடையாது. அப்படியானால் சாம்பல் நிறம் எப்படி? கண்ணாடி வினாடிக்கு ஆயிரக் கணக்கான தடவை ஆடுகிறது. பாதி நேரம் வெளியே, பாதி நேரம் உள்ளே என்றால் கண் அதை நடுத்தர வெளிச்சமாகக் கூட்டிக்கொள்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹோர்ன்பெக் இதை 1987இல் உருவாக்கினார். சினிமாக் கொட்டகைகளில் பிலிம் சுருளை ஒழித்ததும் இதே சில்லுதான். அதற்காக 2015இல் அவருக்கு ஒஸ்கார் சிலையே கொடுத்தார்கள்.

கண்ணாடிக்கு நிறம் தெரியாது. அதனால் விளக்குக்கும் சில்லுக்கும் இடையில் சிவப்பு, பச்சை, நீல நிறக் கண்ணாடித் துண்டுகள் பதித்த ஒரு வட்டம் சுழல்கிறது, பல மெஷின்களில் நிமிடத்துக்கு 7,200 தடவை. திரையில் ஒரு கணத்தில் ஒரு நிறம்தான் இருக்கிறது. நம்பாவிட்டால், வெள்ளை ஸ்லைட் ஒன்றைப் போட்டுத் திரைக்கு முன்னால் விரல்களை விரித்து வேகமாக ஆட்டுங்கள். நிழலின் ஓரங்கள் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பிரியும். சிலருக்குக் கண்ணைத் திருப்பும்போதே இந்த வானவில் தெரிந்து தலையிடிக்கும். அது மனப்பிரமை இல்லை. வெளிச்சம் கூடிக் காட்ட வேண்டும் என்று அந்த வட்டத்தில் நிறமில்லாத ஒரு துண்டையும் சேர்ப்பார்கள். அப்போது வெள்ளை பளிச்சென்று இருக்கும், மஞ்சள் கடுகு நிறமாகவும் சிவப்பு செங்கல் நிறமாகவும் மங்கும். லப்டொப்பில் அழகாக இருந்த படம் திரையில் செத்துப் போவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது வகையில், எப்சன் மெஷின்கள் பெரும்பாலும் இதுதான், ஒளியை மூன்று நிறமாகப் பிரித்து மூன்று சிறிய எல்.சி.டி. தகடுகளுக்கூடாக அனுப்பி, கனசதுரக் கண்ணாடி ஒன்றில் மறுபடி சேர்க்கிறார்கள். மூன்று நிறமும் ஒரே நேரத்தில் வருவதால் வானவில் இல்லை, நிறமும் மங்காது. தகடுகளைக் குளிர்விக்கும் காற்று அவற்றின் மேலேயே போவதால் புழுதிதான் இதற்கு எதிரி. காலி வீதியோரக் கட்டடங்களில் அந்த வடிகட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். கம்பளித் துண்டு மாதிரி இருக்கும்.

விளக்கு பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பழைய புரொஜெக்டர்களில் இருப்பது பாதரச விளக்கு, பிலிப்ஸ் நிறுவனம் 1995 அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் மின்பொறி எரியும். எரியும்போது உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் சுமார் 200 மடங்கு. அதனால்தான் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது என்கிறார்கள். விளக்கு அணைந்த பிறகும் விசிறி ஓடி அதை ஆற வைக்க வேண்டும். கரண்ட் போனால் அந்த விசிறியும் நின்றுவிடும். கரண்ட் வந்தவுடன் போட்டாலும் எரியாது: சூட்டில் பாதரச ஆவியின் அழுத்தம் அவ்வளவு இருக்கையில் பொறி பாயாது, ஆறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போன ஊர் இது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட வைக்கிற ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல. புதிய லேசர் மெஷின்களுக்கு இந்தக் கவலை இல்லை. நீல லேசர் ஒரு பொஸ்பர் தகட்டில் பட்டு மஞ்சள் ஒளி பிறக்கிறது, போட்டவுடன் எரியும், 20,000 மணி நேரம் வரை போகும்.

மெஷினை எங்கே வைப்பது? தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் எண்ணைக் கையேட்டில் கொடுத்திருப்பார்கள். அது 1.5 என்றால் 2 மீற்றர் படத்துக்கு 3 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது உயரம். மேசையில் வைக்கும் புரொஜெக்டரின் லென்ஸ் படத்தைத் தானாகவே மேல்நோக்கி அனுப்பும்படி செய்யப்பட்டிருக்கிறது. லென்ஸ் மட்டத்தில் படத்தின் கீழ் ஓரம் வரும். இது தெரியாமல் முன் காலை உயர்த்தி, அடியில் இரண்டு டெலிபோன் டிரெக்டரியும் வைப்பார்கள். மேல் ஓரத்துக்குப் போகும் ஒளி கூடுதல் தூரம் போவதால் அங்கே படம் விரிந்து சரிவகமாகிவிடும். பிறகு கீஸ்டோன் பொத்தானை அழுத்திச் சதுரமாக்குவார்கள். அந்தப் பொத்தான் ஒளியைத் திருத்துவதில்லை. சில்லின் ஓரத்துப் புள்ளிகளை அணைத்து, மிஞ்சியவற்றுக்குள் படத்தை நெருக்குகிறது. எழுத்தின் கூர்மை போய்விடும். அணைத்த ஓரத்தை இருட்டில் பார்த்தால் படத்தைச் சுற்றி மங்கலான சாம்பல் பட்டியாகத் தெரியும். அணைத்தாலும் கொஞ்சம் வெளிச்சம் கசிகிறது. கறுப்பு இதனால் முடியாது என்பதற்கு மெஷினே தரும் சாட்சி. மேசையை உயர்த்துங்கள், மெஷினைச் சாய்க்காதீர்கள். புத்தகத்தின் மேல் வைத்தால் அடிப்பக்கக் காற்றுத் துளையும் அடைபடும்.

கேபிள் விஷயத்தில், எச்.டி.எம்.ஐ. செருகியதும் புரொஜெக்டர் தன் புள்ளிக் கணக்கை லப்டொப்புக்குச் சொல்லிவிடும். படம் வராவிட்டால் விண்டோஸ் பொத்தானோடு 'பி' அழுத்தி, இரண்டு திரையிலும் ஒரே படம் என்பதைத் தெரிவு செய்யுங்கள். பெரும்பாலும் அத்துடன் சரி.

கேபிளைவிடப் பாமினிதான் இங்கே அதிகம் காலை வாருவது. இலங்கையில் இன்னமும் பல ஆவணங்கள் அந்த எழுத்துருவில்தான் தட்டப்படுகின்றன. பாமினியில் தமிழ் எழுத்து கணினிக்குத் தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போட்டிருக்கிறது. ஸ்லைடைப் பென் டிரைவில் கொண்டுபோய் மண்டபத்துக் கணினியில் திறந்தால், அங்கே பாமினி இல்லையென்றால், தலைப்பு முதல் நன்றியுரை வரை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். யுனிகோட்டுக்கு மாற்றுங்கள், நேரமில்லையென்றால் பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோங்கள், எழுத்துரு கோப்புக்குள்ளேயே வந்துவிடும்.

"சேர், பின்னுக்கு ஒண்டும் விளங்கேல்ல" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளை சொன்னால் எழுத்தை எவ்வளவு பெரிதாக்க வேண்டும்? கண் வைத்தியர் அட்டையில் சாதாரணப் பார்வையின் எல்லை, எழுத்து கண்ணில் ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்கு கோணம் பிடிப்பது. 10 மீற்றர் தூரத்தில் அது ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயரம். அது எல்லை, சிரமமில்லாமல் வாசிக்க மூன்று மடங்கு, நாலரைச் சென்ரிமீற்றர் வேண்டும். 1.5 மீற்றர் திரையில் அது உயரத்தின் நூற்றுக்கு மூன்று. பவர்பொயிண்ட் பக்கத்தின் உயரம் 540 புள்ளி (எழுத்துரு அளவுக்குப் போடும் பொயிண்ட்), அதில் நூற்றுக்கு மூன்று 16 புள்ளி. ஆனால் எழுத்துரு அளவு என்று நாம் போடும் எண்ணில் எழுத்தின் உடல் பாதியளவுதான் வரும். ஆகவே 32. ணை, ஞ, ஜ போன்றவற்றின் சுழிகள் ஒட்டிப் போகாமல் இருக்க இன்னும் இரண்டு மூன்று கூட்டலாம். அந்த அளவில், தலைப்பும் ஓரங்களும் போக, ஒரு ஸ்லைடில் ஏழெட்டு வரிக்கு மேல் கொள்ளாது. எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டுகிற பழக்கமுள்ளவர்கள் அதைத் தாளில் அடித்துக் கையில் கொடுத்துவிடலாம்.