அமெச்சூர்

லத்தீனில் 'அமாரே' என்றால் நேசித்தல், 'அமாத்தோர்' நேசிப்பவர். பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'அமெச்சூர்' ஆங்கிலத்துக்குள் வந்தது. காசு வாங்காமல் ஆடுபவர் என்று இன்று பொருள் கொள்கிறோம், வேரில் காசு பற்றிய பேச்சே இல்லை.

அதைச் சேர்த்தவர்கள் இங்கிலாந்தின் கனவான்கள். 1879இல் அங்குள்ள ஹென்லி படகுப் போட்டியை நடத்துபவர்கள் வகுத்த விதிப்படி, கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரோ தொழிலாளியோ அமெச்சூர் ஆக முடியாது. துடுப்புப் போட்டுக் காசு வாங்காதவராக இருந்தாலும், கொத்தனார் என்றால் வெளியேதான். 'அமெச்சூர் உணர்வு' என்று இன்று பேசுவோர் இந்தப் பிறப்புச் சான்றிதழைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் சொல் இன்னும் வளைந்தது. 1948இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி, விளையாடும் வசதியற்ற மாணவருக்குக் கல்விக் கட்டணம் தரலாம், தங்குமிடமும் சாப்பாடும் கூடாது என்றது. 1956இல் வசதி பாராமல் எல்லாமே தரலாம் என்றானது. இரண்டு நிலையிலும் ஆட்டக்காரருக்குப் பெயர் அமெச்சூர்தான்! அதே 1950களில் என்.சி.ஏ.ஏ.வின் தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸ் தரப்பு 'மாணவ வீரர்' என்ற தொடரைப் புழக்கத்தில் விட்டது. காயம்பட்டவர் 'ஊழியர்' என்று இழப்பீடு கேட்டுவிடக் கூடாதே.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. வைத்த வரம்பு செல்லாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் வீரர்கள் தம் பெயர், படம், சாயலை விளம்பரத்துக்கு விற்கலாம் என்றானது. என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025இல் ஏற்கப்பட்ட உடன்பாட்டின்படி கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். ஆக, உடைந்தது 'ஊதியமின்மை' என்ற பொருள். நேசம் சம்பளப் பட்டியலில் வருவதில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? நாடக வரலாற்றில் 'பயில்முறை' நிலைத்துவிட்டது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை பயில்முறைக் குழு என்றே குறிக்கப்படும். விளையாட்டுக்கு அது பொருந்தாது, பயிற்சி எடுப்பவர் என்று படும். 'தொழில்முறை சாராத' என்பது சரி, ஆனால் இல்லாததைச் சொல்லியே ஒப்பேற்றுகிறது. வேர்ப் பொருளுக்கு 'ஆர்வலர்', விதியைச் சொல்லும்போது 'ஊதியம் பெறாத வீரர்' என்று பிரித்து எழுதுவதே நல்லது. 'அமெச்சூர்த்தனமா ஆடுறான்' என்னும் ஏளனத்துக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், கத்துக்குட்டி இருக்கிறது.