டோனர் பொருந்தினால் போதாது, நோயாளியின் ஆன்டிபாடியையும் பார்க்க வேண்டும்

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் முதலில் கேட்பது, யாருடைய ஹெச்.எல்.ஏ. (தன்னுடையது எது, அந்நியம் எது என்று உடல் அடையாளம் காண உதவும், செல்களின் மேலுள்ள புரதங்கள்) பொருந்துகிறது என்பதைத்தான். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்புதான் உண்டு. அதனால் பாதி பொருந்தும் மகன், மகள், பெற்றோரையும் இப்போது டோனராக எடுத்துக்கொள்கிறோம். சரி, மீதிப் பாதி? அதற்கு எதிரான ஆன்டிபாடி (அந்நியமானதைத் தாக்க உடல் உருவாக்கும் புரதம்) நோயாளியின் ரத்தத்தில் ஏற்கெனவே இருந்தால், ஏற்றிய செல்கள் எலும்பு மஜ்ஜையில் வேர்பிடிக்கும் முன்பே அழிக்கப்படலாம்.

அப்படி நடந்தால் வெள்ளை அணுக்கள் ஏறுவதே இல்லை. 28 நாட்களாகியும் நியூட்ரோஃபில் (தொற்றோடு போராடும் வெள்ளை அணு) எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 500ஐ எட்டாவிட்டால், பொதுவாக மாற்று தோற்றுவிட்டதாகவே கொள்கிறோம். நோயாளியின் சொந்த மஜ்ஜையும் பெரும்பாலும் அழிந்திருக்கும், புதியதும் வளராது. தொற்றுகளுக்கு நடுவே இரண்டாவது மாற்றுக்கு ஓட வேண்டியிருக்கும். மிகவும் ஆபத்தான நிலை அது.

"அதான் முன்னாடியே கடுமையான கீமோ கொடுக்கிறீர்களே?" என்று பலர் கேட்கிறார்கள். அந்த கீமோ, டோனர் செல்களைத் தாக்கக்கூடிய, நோயாளியின் டி செல்களை (ஒருவகை வெள்ளை அணு) அடக்குகிறது. ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் அதற்கு எளிதில் மசிவதில்லை. ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றும் ஐஜிஜி வகை ஆன்டிபாடி பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஆகவே செல் ஏற்றும் நாளில் அது அங்கேயேதான் இருக்கும்.

இந்த ஆன்டிபாடிகள் உருவாகும் முக்கிய வழி கர்ப்பம். குழந்தையிடம் இருக்கும் தகப்பன் வழி ஹெச்.எல்.ஏ.வைத் தாயின் உடல் அந்நியமாகப் பார்க்கிறது. எனவே அம்மா நோயாளி, பிள்ளை டோனர் என்ற ஜோடி வந்தாலே நான் கூடுதல் எச்சரிக்கையாகிவிடுவேன். பிள்ளையிடம் பொருந்தாத பாதி, அவர் உடல் கர்ப்பத்திலேயே சந்தித்த அதே பாதிதான். கருச்சிதைவும் கணக்கில் வரும். குடும்பத்தார் முன்னால் இதைச் சொல்லத் தயங்கும் பெண்கள் இருப்பதால், தனியாகக் கேட்பதே சரி என்று நினைக்கிறேன். ஆண்களும் விதிவிலக்கல்ல. தலசீமியா, அப்லாஸ்டிக் அனீமியா நோயாளிகளுக்குப் பலமுறை ரத்தமும் பிளேட்லெட்டும் ஏறியிருக்கும். வெள்ளை அணு நீக்கிய ரத்தம் இந்த ஆபத்தைக் குறைக்கும். நெருங்கிய சொந்தக்காரரின் ரத்தத்தை மட்டும் மாற்றுக்கு முன் ஏற்ற வேண்டாம். நாளை அவரோ அவருடைய ரத்த உறவோ டோனராகலாம்.

இந்த ஆன்டிபாடியைத் தேடும் ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட்டில் எம்.எஃப்.ஐ. என்று ஓர் எண் இருக்கும்; ஆன்டிபாடி எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை அது காட்டும். அளவுகோல் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் என்றாலும், 1000ஐத் தாண்டினால் பொதுவாகக் கவனிக்கிறோம். 5000ஐத் தாண்டினால் ஆபத்து மிக அதிகம். அப்போது முதல் வழி, வேறு டோனரைத் தேடுவது. அண்ணன் மகனோ அக்கா மகளோ பொருந்தலாம். யாருமே இல்லையென்றால் பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் திரவப் பகுதியை அகற்றி மாற்றுவது), ரிட்டுக்சிமாப், இம்யூனோகுளோபுலின் போன்ற மருந்துகள் ஆகியவற்றால் ஆன்டிபாடியைக் குறைத்துப் பார்க்கிறோம். எல்லோருக்கும் போதிய அளவு குறைவதில்லை.

ரத்த குரூப் வேறாக இருப்பதைப் பற்றித்தான் குடும்பங்கள் அதிகம் பயப்படுகின்றன. அதனால் சிவப்பணுக்கள் தாமதமாக வரலாம், முன்னேற்பாடுகளும் தேவைப்படும், ஆனால் பெரும்பாலும் அதுவே மாற்றைத் தடுத்துவிடுவதில்லை.

ஒருமுறை நெகட்டிவ் வந்துவிட்டதென்று விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு ரத்தமோ பிளேட்லெட்டோ ஏறியிருந்தால், கண்டிஷனிங் (மாற்றுக்கு முன் கொடுக்கும் அந்தக் கீமோ) தொடங்கும் முன் மறுபடி பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.