அளவும் பாதுகாப்பின் ஒரு பாகம்

பாதுகாப்புக் காலணியின் முன்பக்கக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் விழுவதற்குச் சமம் அது. என்95 முகக்கவசத்தின் வடிகட்டி நுண்துகள்களில் 95 சதவீதத்தையாவது பிடிக்க வேண்டும். சோதனைக்கூடத்தில் கிடைக்கும் இந்த எண்கள் வேலையிடத்திலும் உண்மையாக வேண்டுமென்றால், கவசம் உடம்பில் சரியான இடத்தில் உட்கார வேண்டும். கட்டுமானத் தொழிலில் இருக்கும் பெண்கள் பலருக்கு அது உட்காருவதில்லை. இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை நெடுங்காலமாக ஆண் உடலை அளந்தே வடிவமைக்கப்பட்டன.

முகக்கவசத்தையே எடுத்துக்கொள்வோம். மூச்சை இழுக்கும்போது கவசத்துக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் குறைகிறது. அதனால் வெளிக்காற்று உள்ளே வருகிறது, அதுவும் எளிதான வழியைத் தேடி வருகிறது. வடிகட்டி காற்றைத் தடுத்துத் தடுத்து விடும். மூக்கின் பக்கத்திலோ தாடைக்குக் கீழேயோ இருக்கும் இடைவெளி அப்படித் தடுக்காது. மெல்லிய இடைவெளி இரண்டு மடங்கு அகன்றால், அதே அழுத்தத்தில் ஏறக்குறைய எட்டு மடங்கு காற்று புகும். சிறிய முகத்தில் பெரிய கவசத்தை மாட்டிக்கொண்டு கான்கிரீட் வெட்டினால், சிலிக்கா தூசி வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயில் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. கவசம் பொருந்துகிறதா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: தலையை மூடும் உறைக்குள் சாக்கரின் என்ற இனிப்புப் பொருளின் கரைசலைத் தெளிப்பார்கள். நாக்கில் இனிப்புத் தட்டினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

உயரத்தில் வேலை செய்பவருக்கு, தோள், மார்பு, தொடைகளைச் சுற்றிக் கட்டும் பட்டைகளாலான ஹார்னஸ்தான் உயிர். விழுபவரைக் கயிறு பிடித்து நிறுத்தும் அந்த நொடியில் உடம்பின் மேல் பெரிய விசை ஏறும். அமெரிக்க விதி இதற்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 1,800 பவுண்டு, அதாவது சுமார் 816 கிலோ எடை. இந்த விசையைத் தொடைகளும் இடுப்பெலும்பும் தாங்க வேண்டும். முதுகில் கயிறு மாட்டும் வளையம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே நிற்க வேண்டும். ஹார்னஸ் தொளதொளவென்று இருந்தால் வளையம் பிடரிக்கு ஏறும், மார்புப் பட்டை தொண்டைக்கு நகரும். தலைகீழாக விழுந்தால் ஆளே நழுவிப் போகவும் வாய்ப்புண்டு.

அப்படியென்றால் ஒரு சைஸ் சின்னதாக வாங்கிக் கொடுத்தால் போதாதா? போதாது. பெண்ணுடல் ஆணுடலின் சிறிய நகல் அல்ல. இடுப்பு, மார்பு, தோள் எல்லாவற்றின் விகிதமும் வேறு. தோளுக்குச் சரியாக இருக்கும் ஹார்னஸில் தொடைப்பட்டை எட்டாது. தொடைக்குச் சரியானது தோளில் தொங்கும். மார்பின் மேல் குறுக்கே போகும் பட்டை தட்டையாகப் படியாமல் மேலோ கீழோ சறுக்கும். விழுந்தபின் தொங்கும் நிமிடங்களும் ஆபத்தானவை: தவறான இடத்தில் அழுத்தும் பட்டை ரத்தத்தைக் கால்களிலேயே தேக்கிவிட்டால் மயக்கம் வரலாம். தொடைப்பட்டைக்குள் தட்டையான உள்ளங்கை நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. இதை மாட்டும் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுவது நல்லது.

காலணியிலும் இதே கதைதான். ஒரே நீளமுள்ள பாதங்களை ஒப்பிட்டால், பொதுவாகப் பெண்ணின் பாதத்தில் முன்பகுதியைவிடக் குதிகால் நன்றாகக் குறுகியிருக்கும். ஆண் அச்சில் செய்த காலணியைச் சின்னதாக்கினால் முன்னால் இறுகும், பின்னால் வழுக்கும். ஏணி ஏறும்போது குதிகால் எழும்பினால் கால் தடுமாறும். கையுறையின் நுனியில் துணி மிஞ்சினால் ஆணியைப் பிடிப்பதே சிரமம், சுழலும் துளைக்கருவி அதைக் கவ்விக்கொண்டால் விரலே போய்விடும். நீளமான சட்டைக் கைகள், தொங்கும் ஒளிர்சட்டை எல்லாம் சாரத்துக் கம்பியில் மாட்டும்.

அமெரிக்காவில் 2025 ஜனவரி 13 முதல் நடைமுறைக்கு வந்த கட்டுமான விதி, பாதுகாப்பு உடை அதை அணிபவருக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்று முதலாளியின் பொறுப்பாகவே சொல்கிறது. பொருந்தாததைக் கொடுத்துவிட்டு, “போடவில்லையே” என்று தொழிலாளியைக் குறை சொல்வது நியாயமே இல்லை. வாங்கும் முன் அளவெடுக்கட்டும். கொடுத்தபின் அதைப் போட்டுக்கொண்டு குந்தவும், கைகளைத் தலைக்கு மேல் தூக்கவும், நாலு படி ஏணி ஏறவும் சொல்லிப் பார்க்கட்டும். எங்கே இறுகுகிறது, எங்கே நழுவுகிறது என்று அணிந்தவரே சொல்லிவிடுவார்.