பாஸ்டரல் கவிதை முல்லைப் பாட்டு அல்ல

மேய்ப்பர் வாழ்வைப் பாடும் மேலைநாட்டுக் கவிதை வகைக்குப் பெயர் பாஸ்டரல். அந்தச் சொல்லைப் பார்த்ததும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘முல்லைக் கவிதை’ என்று எழுதிவிடுகிறார்கள். பாட்டில் ஆடு மாடு வந்தால் முல்லை, அவ்வளவுதான் கணக்கு. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

வேர் எளிது. லத்தீனில் பாஸ்டர் என்றால் மேய்ப்பவர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் இதற்கு வழிபோட்டவர் சிசிலிக்காரரான தியாக்ரிட்டஸ். அப்புறம் ரோமின் வெர்ஜில், இங்கிலாந்தின் ஸ்பென்சர் என்று நீண்டது.

இவர்கள் யாரும் மாடு மேய்த்தவர்கள் இல்லை. நகரத்துப் புலவர் இடையர் வேடம் கட்டி, மரநிழலில் குழலூதி, நகரத்தாருக்காகப் பாடுவதுதான் பாஸ்டரல். மேய்ப்பர் வாழ்வின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டவேண்டும், துன்பங்களை மறைக்கவேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் இதை விதியாகவே எழுதிவைத்தார். எல்லாரும் அப்படியே மறைத்துவிடவில்லை. வெர்ஜிலின் முதல் பாட்டிலேயே நிலம் பறிபோன ஒருவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். 1783இல் இன்னொரு ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் கிராப் ‘கிராமம்’ என்ற நெடுங்கவிதையில் இந்தப் பொய்யழகை நேராகவே தாக்கினார்.

சரி, சங்கப் பாடல்களின் காட்டுநிலத் திணையான முல்லைக்கு வருவோம். அதன் உரிப்பொருள், அதாவது அதற்கே உரிய உணர்வு, இருத்தல். பிரிந்துபோன தலைவன் கார்காலத்தில் திரும்புவான் என்று தலைவி ஆற்றியிருப்பது. காடும் ஆயரும் மாடும் அந்த உணர்வுக்குப் பின்புலம். நப்பூதனாரின் முல்லைப்பாட்டையே எடுங்கள். 103 அடிகளில் பெரும்பகுதி அரண்மனையும் பாசறையும்தான். தொடக்கத்தில் ஒரு ஆய்மகள் வருகிறாள், கன்றைப் பார்த்து ‘இன்னே வருகுவர் தாயர்’ (உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள்) என்கிறாள். அவளைப் புலவர் ‘நடுங்கு சுவல் அசைத்த கையள்’ என்கிறார். குளிரில் தோள் நடுங்க நிற்கிறாள்! நெடுநல்வாடையின் கோவலரும் (மேய்ப்பர்களும்) மழையில் கன்னம் நடுங்கக் கைகளை நெருப்பில் காட்டிக் குளிர்காய்கிறார்கள். போப் மறைக்கச் சொன்னதைச் சங்கப் புலவர் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்.

கலித்தொகையின் முல்லைப் பகுதியான முல்லைக்கலியில் ஆயர்களே மாந்தர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே ஏறுதழுவும் களத்தில் காளை குடலைச் சரிக்கிறது. கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயமகள் மறுபிறவியிலும் தழுவமாட்டாள். பூங்கொத்து கொடுத்து மயக்குகிற ஆங்கில இடையனுக்கு அங்கே பெண் கிடைக்காது.

பாஸ்டரலுக்குச் சிலர் போடும் ‘நாட்டுப்புறக் கவிதை’ இன்னும் மோசம். நாட்டுப்புறப் பாடல் ஊர்மக்கள் தாங்களே பாடுவது. பாஸ்டரல் அவர்களைப் பற்றி வேறு யாரோ பாடுவது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் மூல நூலைவிட்டுப் பின்னட்டையை மட்டும் படிக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ‘கிராமிய மணம்’ என்று ஒன்றைத் தெளித்துவிட்டால் வேலை முடிந்தது.

என் தேர்வு ‘ஆயர்வேடக் கவிதை’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் வேடம் என்ற சங்கதி உள்ளேயே இருக்கிறது. கத்தோலிக்கத் தமிழில் ஆயர் என்றால் பிஷப் ஆயிற்றே என்று சிலர் இழுப்பார்கள். அதுவும் லாபமே. ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘லிசிடஸ்’ என்ற இரங்கற்பாவில் இறந்த நண்பனும் இடையன், மந்தையைப் பட்டினி போடுகிற திருச்சபைக் குருமாரும் இடையர்கள். ஆயர் என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கும். முல்லை என்று போட்டால் குருமாருக்கு விழும் அந்த அடி தமிழில் எங்கே போய் விழும்?