தளப்படம்: கட்டடத்தின் காலடித் தடம்

வீட்டில் சுவர், அறை, கதவு எல்லாம் எங்கே என்று காட்டும் படம்தான் ‘ஃப்ளோர் பிளான்’. பேச்சில் ‘பிளான்’ என்றாலே புரிந்துவிடும். தமிழில் எழுத வரும்போதுதான் சிக்கல். ‘தரைத் திட்டம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இதில் திட்டம் எங்கே இருக்கிறது? இருப்பது படம்.

பிளான் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதற்குள் இரண்டு லத்தீன் சொற்கள் கலந்திருக்கின்றன: தட்டையானதைச் சொல்லும் ‘பிளானுஸ்’, உள்ளங்காலைச் சொல்லும் ‘பிளான்ட்டா’. இத்தாலிய மொழியில் கட்டடப் படத்துக்கு இன்றும் ‘பியான்ட்டா’ என்றுதான் பெயர். உள்ளங்காலுக்கும் அதே சொல். கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியுஸ் இந்தப் படத்தை ‘இக்னோகிராஃபியா’ என்றார். கிரேக்கத்தில் ‘இக்னோஸ்’ என்றால் காலடித் தடம். கட்டடம் மண்ணில் பதிக்கும் தடம்! எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது.

சரி, படத்துக்கு வருவோம். இது மேலிருந்து பார்த்த தோற்றம் அல்ல. அப்படிப் பார்த்தால் கூரைதான் தெரியும். தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் கட்டடத்தைக் கிடையாக அறுத்து, மேல்பகுதியைத் தூக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் அறுத்தால்தான் கதவும் ஜன்னலும் அகப்படும். அறுபட்ட சுவர் தடித்த கோடாகவும், கீழே தெரியும் சமையல் மேடை மெல்லிய கோடாகவும் வரும். தலைக்கு மேலுள்ள பரணுக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு. மாடிப்படி பாதியிலேயே முறிந்து நிற்கும்.

கதவருகே ஒரு கால்வட்ட வளைவு இருக்கும். கதவு திறக்கும் வழி அது. 1:100 அளவில் வரைந்தால் 90 செ.மீ. கதவு தாளில் வெறும் 9 மி.மீ. தான். அந்த வளைவு கட்டில் மேல் ஏறினால், கதவு முழுசாகத் திறக்காது. தாளில் அழித்துத் திருத்த ஒரு நிமிடம் போதும். சுவர் எழும்பி நிலை வைத்த பிறகு இடிக்க வேண்டும். வடிவமைப்பில் இந்தப் படம் முதலில் நிற்பது இதனால்தான். எந்த அறை எதை ஒட்டி இருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி நடக்கிறோம் என்பதெல்லாம் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. உயரத்தை மட்டும் இது காட்டாது. அதற்குக் கட்டடத்தை மேலிருந்து கீழாக அறுத்துக் காட்டும் வெட்டுப்படம் வேண்டும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘வரைபடம்’ பொதுச்சொல், நாட்டு வரைபடமும் அதுதான். ‘கிடைப்படம்’ துல்லியமானது, ஆனால் இயந்திர பாகத்துக்கும் பொருந்தும். ‘தளப்படம்’தான் சரி என்பேன். தரைத்தளப் படம், முதல் தளப் படம் என்று மாடிக்கு மாடி நீட்டிக்கொள்ளலாம். ‘பிளான் போடுவது’ என்ற வினைக்கும் நம்மிடம் பழைய சொல் உண்டு. கயிறு பிடித்து அளந்து அரண்மனை அமைத்ததைச் சங்க நூலான நெடுநல்வாடை ‘மனை வகுத்து’ என்கிறது.